பாம்பு பயம்: அரூர் சகோதரிக்கு ஒரு பதில்



டிவியில் பாம்பு வந்தாலே உடம்பு நடுங்குகிறது, இருட்டிவிட்டால் கொல்லைப்பக்கம் போகக் கால் வரவில்லை, இப்போது ஆறு வயது மகளும் அதேபோல் அலறுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நாகதோஷம், பரிகாரம் செய் என்கிறார்களாம் வீட்டில். தோஷமெல்லாம் ஒன்றும் இல்லை அம்மா.

2017-ல் ஜெர்மனி, சுவீடன் ஆய்வாளர்கள் ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பாம்புப் படமும், அதே அளவு, அதே நிறத்தில் மீன் படமும் காட்டினார்கள். பாம்பைப் பார்த்தபோது கண்மணி அதிகம் விரிந்தது. அதைப் பயம் என்று சொல்லிவிட முடியாது. உடம்பு உஷாராகிறது, அவ்வளவுதான்.

பயம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை 1980-களில் அமெரிக்காவில் உளவியலாளர் சூசன் மினேகா குரங்குகளை வைத்துக் காட்டினார். ஆய்வுக்கூடத்திலேயே வளர்ந்த குட்டிகளுக்குப் பாம்பு பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு பதறுவதைச் சில நிமிடம் பார்த்ததும் அவையும் பதற ஆரம்பித்தன. மாதங்கள் கழித்தும் அது போகவில்லை. பிறகு அந்தக் காட்சியின் வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைக் கண்டு பதறுவது போலக் காட்டினார்கள். பூவுக்கு எந்தக் குட்டியும் பயப்படவில்லை! பாம்பென்றால் மனம் சட்டெனப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் மகளும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாள். நீங்கள் யார் முகத்தைப் பார்த்தீர்களோ!

ஆனாலும் நம் தருமபுரிப் பக்கத்தில் இந்தப் பயத்தை வெறும் மனப்பிரமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கல்லும் கரடுமான இந்த மண் சுருட்டை விரியனுக்குத் தோதான இடம். ஒரு முழம்தான் இருக்கும். சுருண்டு, செதிலோடு செதிலை உரசினால் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் சர்ரென்று கேட்கும். கட்டுவிரியன் பெரும்பாலும் சத்தம் போடாது. தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும். வலிகூடத் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்றுவலி, பிறகு இமை தொங்கும். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்பது 2020-ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. 2024-ல் பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமத்தில் பாம்பு கடித்த பள்ளிச் சிறுமியை, ரோடு இல்லாததால் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். பிழைக்கவில்லை. அந்த ஊர்த் தாய்மாருக்குப் பயம் பாம்பிடம் மட்டுமா? ஆஸ்பத்திரி இருக்கும் தூரம்தான் என்னையும் நடுங்க வைக்கிறது. அதற்கு ரோடு போட வேண்டும். எந்தப் பரிகாரமும் உதவாது.

உங்கள் நடுக்கம் குறைய வழி உண்டு. பகலில் சாரைப்பாம்பின் படத்தைப் பாருங்கள். படபடப்பு அடங்கும்வரை மூடாதீர்கள். பழகியபின் வீடியோ. உங்கள் முகம் பதறாத அளவு ஆனதும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவர்களும் இப்படிப் படிப்படியாகத்தான் பழக்குவார்கள். தனியாக முடியாவிட்டால் தயங்காமல் அவர்களிடம் போங்கள்.

இரவில் டார்ச் இல்லாமல் வெளியே இறங்க வேண்டாம். கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் கூடாது. கடிபட்ட கைகாலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அந்த எண்ணை மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்