கீமோவும் கைவைத்தியமும்: கரும்பலகையில் மூன்று கேள்விகள்

ஆரணி வட்டாரத்தில் அறிவியல் கற்பிக்கிறேன். செல் பகுப்புப் பாடத்தின்போது ஒரு மாணவி, "டீச்சர், எங்க அத்தைக்கு கீமோ போட்டதிலிருந்து ஒரே வாந்தி. நித்தியகல்யாணிக் கஷாயம் குடிச்சா நிக்கும்னு சொல்றாங்க. கொடுக்கலாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியையே பாடமாக்கினேன்.

கீமோ மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. முடிவேர், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் அப்படிப் பிரிபவையே. முடி உதிர்வதும் வாய்ப்புண் வருவதும் இரத்த அணுக்கள் குறைவதும் அதனால்தான்.

நித்தியகல்யாணியே கீமோ மருந்து தரும் செடி. அதிலிருந்து வின்பிளாஸ்டினை 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் பிரித்தெடுத்தனர். அதே செடியில் கிடைக்கும் வின்கிரிஸ்டின், கதிர்கோல் இழைகள் உருவாகாமல் தடுத்துச் செல் பகுப்பை நிறுத்துகிறது. பெரியவர்களுக்கும் ஒருமுறைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் செலுத்துவதில்லை. அந்த அளவிலேயே விரல்கள் மரத்துப்போகலாம். அப்படியிருக்க, அளவு தெரியாத கஷாயம் பக்கவிளைவைத் தணிக்காது, நஞ்சாகவே முடியலாம். "கொடுக்க வேண்டாம். வாந்தியைப் பற்றி டாக்டரிடம் உடனே சொல்லச் சொல், அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன" என்றேன்.

"அப்போ இஞ்சி?" என்றான் இன்னொருவன். அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துடன் இஞ்சி கேப்சூலும் எடுத்தவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. சிஸ்பிளாட்டின் பெற்றவர்களிடம் இத்தாலியில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை.

பிறகு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினேன்.

1. சோதித்தது சோதனைக்குழாயிலா, எலியிலா, மனிதரிலா?
2. எந்த வடிவில், எவ்வளவு கொடுத்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்?
3. நல்ல செல்லைக் காக்கும் சாறு, புற்றுச் செல்லையும் காத்துவிடாதா?

மூன்றாவது கேள்வியில் வகுப்பு நெடுநேரம் நின்றது. எலியின் சிறுநீரகத்தைக் காத்த சாறு, சிகிச்சையின் பலனைக் குறைக்கவில்லை என்றும் காட்டினால்தான் அது பாதுகாப்பு என மாணவர்களே முடிவுக்கு வந்தனர்.

செய்தித்தாளில் வரும் மூலிகைச் செய்தி ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, இம்மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். கைவைத்தியத்தைக் கேலி செய்ய வேண்டாம். கேலி செய்தால் வீட்டில் கொடுப்பதை மாணவர்கள் நம்மிடம் சொல்லமாட்டார்கள். நோயாளி சாப்பிடும் எந்த மூலிகையையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்ற ஒரு செய்தி வீடுவரை போய்ச் சேர்ந்தால் போதும்.