ஒரே வேலையை இரண்டு தரம் செய்யாதீர்கள்

நமது தோட்டப் பிள்ளைகள் பலர் டவுனில் உள்ள கராஜ்களிலும் லேத் பட்டறைகளிலும் வேலை பழகுகிறார்கள். அப்படி ஒரு தம்பி அண்மையில் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். லொறி எஞ்சின் ஒன்றைக் கழற்றும்போது கனெக்டிங் ரொட் கெப்களுக்கு அவர் நம்பர் போடவில்லை. எல்லாம் கலந்துவிட்டன. ரொட்டுகளை மறுபடியும் சைஸ் பண்ண வேண்டி வந்தது. இரண்டு நாள் வீண், பாஸிடம் ஏச்சு வேறு. "சேர், நான் வேகமாத்தானே செஞ்சேன்" என்றார்.

பிழையே அங்கேதான். நேரம் மிச்சமாவது கையின் வேகத்தால் அல்ல. செய்த வேலையைத் திரும்பச் செய்யாமல் இருப்பதால்தான். அதற்குச் சில வழிகள்:

1. கழற்றும் முன் அடையாளம் போடுங்கள். ரொட்டும் அதன் கெப்பும் ஒன்றாகச் சேர்த்துக் கடையப்பட்டவை. ஒன்றின் கெப் மற்றதற்குப் பொருந்தாது. நம்பரோடு எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதையும் குறியுங்கள்.

2. ஒரு கார்ட்போட் அட்டையில் எஞ்சின் ஹெட்டின் படத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடங்களில் துளை போடுங்கள். கழற்றும் போல்டை அந்தந்தத் துளையில் குத்தி வையுங்கள். நீள போல்ட் கட்டை இடத்துக்குப் போனால் பிளொக் வெடிக்கலாம்.

3. கழுவிய பிறகே அளவெடுங்கள். சூடான பிளொக்கை அளக்காதீர்கள். 100 மில்லிமீற்றர் அகலமான வார்ப்பிரும்பு சிலிண்டர், 20 பாகை சூடு கூடினால் ஏறக்குறைய 0.02 மில்லிமீற்றர் விரியும். பிஸ்டன் இறுகிப் பிடிக்க இது போதும்.

4. புது பிஸ்டன் கைக்கு வரும்வரை சிலிண்டரைப் போரிங் பண்ணாதீர்கள். பெட்டியில் எழுதிய சைஸை நம்பாமல் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்றோமீற்றரால் அளந்து, அதற்கேற்றபடி கடையுங்கள்.

5. பத்து புஷ் கடைய வேண்டுமானால் ஒவ்வொன்றாக முடிக்காதீர்கள். முதலில் பத்துக்கும் துளை, பிறகு பத்துக்கும் வெளிப்பக்கம். டூல் மாற்றும் நேரம் மிச்சம்.

6. ஹோனிங் முடிந்தால் டீசலால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். கல்லின் தூள் அதில் போகாது. சுடுநீரும் சவர்க்காரமும் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவி, உடனே எண்ணெய் பூசுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் மறுபடி கழுவ வேண்டும். தூள் தங்கினால் புது ரிங் சீக்கிரமே தேய்ந்து, எஞ்சின் உங்களிடமே திரும்பி வரும்.

நேரம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. சுற்றுகிற சக்கைக் கையால் நிறுத்தாதீர்கள். சக் சாவியை அதிலேயே விட்டுவிட்டு மெசினைப் போடாதீர்கள். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள். தொளதொளப்பான சட்டைக்கை, கையுறை, மோதிரம் எதுவும் லேத் பக்கம் வேண்டாம். கண்ணாடி போட ஒரு நிமிசம்தான். போன கண் திரும்ப வராது.

கடைசியாக, சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்து, செய்த வேலையையும் எடுத்த அளவுகளையும் திகதியோடு எழுதுங்கள். பட்டறையிலேயே தொழில் பழகியவர்களும் அனுபவத்தைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. அப்போது அந்தக் கொப்பி கைகொடுக்கும்.

பெற்றோரே, பிள்ளை வீட்டுக்கு வந்தால் "எவ்வளவு சம்பளம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன பழகினே?" என்றும் கேளுங்கள்.