வேனிற்காட்டில் நடப்போர்

நுழையும்முன்

நடத்தல் எல்லாருக்கும் தெரிந்த செயலே. ஆயினும் குழாய்நீரோ நிழற்குடையோ கைபேசிக் கோபுரமோ இல்லாத காட்டில், 40 பாகை செல்சியஸ் வெயிலில் நடப்பதைக் கற்றுத்தான் தேர வேண்டும். ஆஸ்திரேலியாவில் இக்கல்வியை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அளித்து வருபவை அந்நாட்டின் காட்டுநடைக் கழகங்கள். அவற்றின் வரலாற்றையும், கோடைக்கால நடையில் அவை கைக்கொள்ளும் நெறிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

'புஷ்' என்னும் நிலம்

ஆஸ்திரேலியர் பேச்சில் 'புஷ்' என்பது வெறும் புதரன்று. ஊரும் உழுநிலமும் முடிந்தபின் தொடங்கும் யூகலிப்டஸ் காடு, மணற்பாறை, பள்ளத்தாக்கு, புல்வெளி ஆகிய அனைத்தையும் அவ்வொரு சொல் குறிக்கும். அந்நிலத்தில் உணவும் உறைவிடமும் முதுகில் சுமந்து நடப்பதே 'புஷ்வாக்கிங்'. மெல்பேர்ன் நகரில் 1894ஆம் ஆண்டிலேயே நடைக்கழகம் ஒன்று தோன்றிவிட்டது. சிட்னியில் மைல்ஸ் டன்ஃபி என்பவர் தம் நண்பர்களுடன் 1914இல் மலைத்தடக் கழகத்தைத் தொடங்கினார். அது ஆடவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1927இல் தோன்றிய சிட்னி காட்டுநடையர் கழகமோ தொடக்கத்திலேயே பெண்களையும் உறுப்பினராக ஏற்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சொலிசிட்டராகத் தகுதி பெற்ற முதல் பெண்ணான மேரி பைல்ஸ், அக்கழகத்தாருடன் மலையேறியவர். காடுகளைக் காக்கச் சட்ட அறிவைப் பயன்படுத்தியவர்.

இவர்கள் நடந்த வழிகள் புதியவை அல்ல. குண்டுங்குரா, தாருக் முதலிய பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மலைகளில் வாழ்ந்து, நடந்து, நீர்நிலைகளை அறிந்து வைத்திருந்தனர். 1813இல் மூன்று வெள்ளையர் நீலமலையைக் கடந்ததைப் பெரும் கண்டுபிடிப்பாக நெடுங்காலம் பாடநூல்கள் போற்றின. அதற்கு முன்பு அவ்வழிகளில் நடந்தோரைப் பற்றி அவை மிகுதியாகப் பேசவில்லை.

நூற்று முப்பது பவுண்டும் ஒரு காடும்

சிட்னிக்கு மேற்கே உள்ள மலைத்தொடர் தொலைவிலிருந்து நோக்க நீலமாய்த் தெரிவதால் நீலமலை எனப் பெயர் பெற்றது. அதன் குரோஸ் பள்ளத்தாக்கின் அடியில் வானளாவிய நீலப்பசை மரங்கள் அடர்ந்த சோலை ஒன்று உண்டு. 1931ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் அங்குத் தங்கச் சென்ற நடையர் சிலர், கோடரி வெட்டுப்பட்ட மரங்களைக் கண்டனர். அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர், மரங்களை வீழ்த்திவிட்டு அக்ரூட் மரங்களை நட எண்ணியிருந்தார். அவரைப் பழிப்பதற்கு இடமில்லை. சட்டப்படி அவ்வுரிமை அவருக்கு இருந்தது. எனவே நடையர்கள் அவரோடு பேசினர். குத்தகையைக் கைவிட அவர் 130 பவுண்டு கேட்டார். உலகப் பொருளாதாரமே சரிந்துகிடந்த காலம் அது. கழகங்கள் சிறுகச் சிறுகத் தொகை திரட்டிக் குத்தகையைப் பெற்றன. 1932இல் அச்சோலை பொதுமக்களுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1959இல் நீலமலைத் தேசியப் பூங்கா உருவாயிற்று. 2000இல் அப்பெருமலைப் பகுதியை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மைல்ஸ் டன்ஃபி அத்தகைய பெரும் பூங்காவுக்கான வரைபடத்தைப் பல்லாண்டுகளுக்கு முன்பே தம் கைப்பட வரைந்து முன்வைத்திருந்தார்.

ஒரு நடை உருவாகும் முறை

கழகங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை நடைத்திட்டத்தை வெளியிடும். எவ்வளவு தொலைவு, எவ்வளவு ஏற்றம், இடையில் நீர் கிடைக்குமா, பாதை உண்டா அல்லது புதரை விலக்கிச் செல்ல வேண்டுமா என்பன அதில் இருக்கும். அவற்றைக் கொண்டு எளியது, இடைப்பட்டது, கடினமானது என நடை தரம் பிரிக்கப்படும். விரும்புவோர் தலைவரிடம் பெயர் கொடுக்க வேண்டும். அவர் கேட்கும் வினாக்கள் சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம்: அண்மையில் எங்கு நடந்தீர்கள்? எவ்வளவு நீர் சுமப்பீர்கள்? முழங்காலில் வலி உண்டா? பொருந்தாதவரை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. காட்டின் நடுவில் மறுப்பதைவிட வீட்டு வாயிலில் மறுப்பது நல்லது.

குழுவில் நால்வரேனும் இருத்தல் வேண்டும் என்பது பழைய வழக்கு. இதன் கணக்கு எளிது. ஒருவர் கால் முறிந்து வீழ்ந்தால் ஒருவர் அவருடன் இருப்பார். மற்ற இருவரும் துணையாகச் சென்று உதவி கொணர்வர். நடையின்போது அனுபவம் மிக்க ஒருவர் கடைசியாக வருவார். அவருக்குப் பின்னால் எவரும் இருத்தல் கூடாது. பாதை பிரியும் இடந்தோறும் முன்செல்வோர் நின்று, கடைசி ஆள் வந்த பின்னரே நகர்வர். புறப்படும் முன், ஊரில் உள்ள ஒருவரிடம் வழித்தடமும் திரும்பும் நேரமும் எழுதித் தரப்படும். குறித்த நேரம் கடந்தும் தகவல் வரவில்லையெனில் அவர் காவல்துறையை அழைப்பார்.

தலைகீழ் மலை

ஆஸ்திரேலியாவில் டிசம்பர், சனவரி, பிப்ரவரி ஆகியவை கோடை மாதங்கள். முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது தமிழ் இலக்கிய மரபு. நீலமலையை அறிந்தவர்க்கு இம்மரபு வியப்பளிக்காது. சூலை மாதத்தில் ஓடைநீர் சலசலக்கும் அதே பள்ளத்தாக்கு, சனவரி நண்பகலில் பாறை தகிக்கும் பாலையாக நிற்கும்.

அங்கு மற்றுமோர் இடர் உண்டு. பிற மலைகளில் முதலில் ஏறி, களைத்தபின் இறங்குவோம். நீலமலையிலோ ஊரும் சாலையும் மேட்டில் உள்ளன. நடைபாதைகள் பள்ளத்தாக்கினுள் இறங்குகின்றன. காலைக் குளிர்ச்சியில் மகிழ்ச்சியாக இறங்கியவர், நீர் குறைந்து, கால் தளர்ந்து, வெயில் உச்சத்தில் இருக்கும்போது ஏற வேண்டும். மேற்கூறிய நீலப்பசைச் சோலைக்குச் செல்லும் செங்குத்தான தடமொன்று ஏறத்தாழ 600 மீட்டர் இறங்குகிறது. 'இறங்குவது விருப்பம், ஏறுவது கட்டாயம்' என்பதை அங்கு ஒவ்வொரு படியும் உணர்த்தும்.

வெயிலில் ஏறும் உடல் எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தால் நெறிகளின் காரணம் விளங்கும். உழைக்கும் தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வியர்வை ஆவியாகும்போது அவ்வெப்பம் வெளியேறுகிறது. கடும் ஏற்றத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் வியர்வை வெளியேறக்கூடும். அந்நீர் ஈடுசெய்யப்படாவிடில் குருதியின் அளவு குறைந்து, இதயத் துடிப்பு விரைந்து, தலைவலியும் குமட்டலும் தோன்றும். இது வெப்பக் களைப்பு. நிழலில் அமர்த்தி, உடையைத் தளர்த்தி, நீரும் உப்பும் அளித்தால் தேறிவிடலாம். உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து, பேச்சு குழறி, அறிவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உயிருக்கே இறுதியாகும் நிலை. அந்நிலையில் நடக்க வைப்பது பெரும் பிழை. கிடைக்கும் நீரையெல்லாம் உடலில் ஊற்றி விசிறிக் குளிர்விப்பதும் உதவியை அழைப்பதும் உடனே நிகழ வேண்டும்.

நீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் தீங்கே. குருதியில் உப்பின் செறிவு குறைந்து மயக்கமும் வலிப்பும் நேரலாம். ஆகவேதான் நடையர் பையில் உப்பிட்ட கடலையும் பிஸ்கட்டும் இடம்பெறுகின்றன.

அறிந்த கழகங்கள் கோடையில் திட்டத்தையே மாற்றிவிடும். விடியற்காலையில் புறப்பட்டு முற்பகலில் முடியும் நடைகள், கடற்கரை நடைகள், காற்றடைத்த மெத்தையில் மிதந்தபடி வொல்லங்காம்பி ஆற்றின் பாறைப் பிளவுகளைக் கடக்கும் பயணங்கள் ஆகியவை அப்போது நிகழும். நீண்ட முகட்டு நடைகள் இலையுதிர் காலம்வரை காத்திருக்கும்.

தெருப்பெயர் இல்லாத இடம்

2006ஆம் ஆண்டு டிசம்பரில் மாணவர் மூவர் நீலமலையின் சாலிட்டரி மலை வழியாகப் பல நாள் நடைப்பயணம் மேற்கொண்டனர். அது பள்ளிப் பருவத்தினருக்கான விருதுத் திட்டம் ஒன்றின் பகுதி. வெயில் கடுமையாக இருந்தது. குடிநீர் தீர்ந்தது. அவர்களுள் 17 வயது மாணவர் ஒருவர் தோழர்களை விட்டு முன்னே சென்றார். தனித்து நின்ற அவர், தம் கைபேசியில் 000 என்னும் அவசர எண்ணைப் பலமுறை அழைத்தார். தாம் மலைக்காட்டில் இருப்பதாகவும் நடக்க இயலவில்லை என்றும் கூறினார். மறுமுனையில் இருந்தோர் அவரிடம் தெருவின் பெயரைக் கேட்டனர். முகவரி இருந்தாலன்றி ஊர்தியை அனுப்ப இயலாதவாறு அந்த நடைமுறை அமைந்திருந்தது. ஒரு வாரத்துக்கும் மேலாக நடந்த தேடலுக்குப் பின் அம்மாணவரின் உடலே கிடைத்தது.

2009இல் நடந்த மரண விசாரணை, அழைப்புகள் கையாளப்பட்ட முறையைக் கடுமையாகக் கண்டித்தது. அக்கண்டனம் நியாயமானது. எனினும், நடையர் கழகங்கள் இந்நிகழ்விலிருந்து தமக்கெனவும் சிலவற்றை எடுத்துக்கொள்ள வேண்டியுள்ளது: நீர் தீரும் முன்பே திரும்புதல், எவரையும் தனியே விடாதிருத்தல், தாம் நிற்கும் இடத்தை வரைபட எண்களால் சொல்லத் தெரிந்திருத்தல். இன்று அவசர அழைப்புக்கான கைபேசிச் செயலி, அழைப்பவர் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் திரையில் காட்டுகிறது.

தெரியுமா?

யூகலிப்டஸ் இலையின் எண்ணெய் எளிதில் தீப்பற்றும். சரிவின் சாய்வு 10 பாகை கூடுந்தோறும் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே தீயைக் கண்டு மலைமேல் ஓடுவது பெரும்பாலும் தீயிடமே ஓடுவதாக முடியும்.

நெருப்பும் நஞ்சும்

தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றத்தினர் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைத் தமிழகம் மறந்திருக்காது. ஆஸ்திரேலியாவில் 2019-20 கோடைத்தீ, நீலமலை மரபுரிமைப் பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் தீண்டியது. அங்குத் தீ ஆபத்து நான்கு நிலைகளாக நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. உச்சமான பேரழிவு நிலையில் பூங்காக்கள் மூடப்படும். அந்நிலை எட்டப்படும் வரை கழகங்கள் காத்திருப்பதில்லை. வெப்பமும் வறண்ட காற்றும் சேர்ந்த நாளில் தலைவரே நடையைக் கைவிடுவார். மாதக்கணக்கில் காத்திருந்தோர் முணுமுணுப்பது உண்டு.

பாம்புகளும் வெயில் காலத்தில் சுறுசுறுப்பாக இயங்கும். முழங்கால்வரை தடித்த துணியுறை அணிவதும், கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பதும் பெரும்பாலான கடிகளைத் தவிர்க்கும். கடிபட்ட கையையோ காலையோ அகன்ற பட்டைத்துணியால் முழுமையாகச் சுற்றி, கட்டையிட்டு அசையாமல் வைக்கும் முறையை ஆஸ்திரேலிய மருத்துவ அறிஞர் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் 1970களின் இறுதியில் வகுத்தார். நஞ்சு நிணநீர் வழியே பரவுவதை இது தாமதப்படுத்தும். இது நரம்பைத் தாக்கும் நஞ்சு கொண்ட ஆஸ்திரேலியப் பாம்புகளை முன்னிட்டு வகுக்கப்பட்டது என்பதைக் கருத வேண்டும். கடிவாய்த் தசையை அழிக்கும் விரியன் கடிக்கு இறுகிய கட்டு கேடு செய்யலாம். இந்தியச் சூழலில் கடிபட்ட உறுப்பை அசைக்காமல், விரைவில் மருத்துவமனை சேர்ப்பதே முறை. கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்குதல் ஆகியவை எந்நாட்டிலும் கூடா.

தேடிச் செல்வோர்

வழிதவறியோரைத் தேட, நியூ சவுத் வேல்ஸ் நடைக்கழகங்களின் கூட்டமைப்பு 1936இல் தன்னார்வத் தேடல் குழுவை அமைத்தது. பாதையற்ற காட்டில் தேட, அக்காட்டில் நடந்து பழகியோரே ஏற்றவர் என்பதைக் காவல்துறையும் ஏற்றுக்கொண்டது. அக்குழு இன்றும் இயங்குகிறது. காவல்துறையும் பூங்காத் துறையும் இணைந்து, போதிய உணவும் நீரும், பயணப் பதிவு, அவசர ஒலிபரப்பி, திட்டமிட்ட வழியை விட்டு விலகாமை ஆகிய நான்கையும் 'ட்ரெக்' என்ற ஒரு சொல்லின் நான்கு எழுத்துகளில் அடக்கிப் பரப்புகின்றன. உள்ளங்கை அளவேயான அவசர ஒலிபரப்பி, கைபேசி அலை எட்டாத பள்ளத்திலிருந்தும் செயற்கைக்கோளுக்குக் குறிப்பனுப்பும். கான்பெரா நகரில் உள்ள மீட்பு மையம் அதைப் பெறும். நீலமலையில் நடப்போர்க்கு இக்கருவி கட்டணமின்றி இரவல் தரப்படுகிறது.

இவையெல்லாம் இருப்பினும், நடை முடிந்ததும் தலைவர் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று ஒவ்வொருவரையும் எண்ணுவார். எண்ணிக்கை சரியானபின், அலைவரிசை கிடைக்கும் முதல் இடத்திலிருந்து, ஊரில் காத்திருப்பவரை அழைத்து 'எல்லாரும் வெளியே வந்துவிட்டோம்' என்பார். அவ்வழைப்பு வரும்வரை அந்த நடை முடிந்ததாகக் கழகத்தார் கொள்வதில்லை.