காய்ச்சல் விட்டாச்சு, ஆபத்து விட்டதா?

தம்பி தங்கைகளே, மருத்துவத் தேர்வுக்கு நான் பட்டியலை மனப்பாடம் செய்வதில்லை, காரணத்தைப் பிடிச்சுக்குவேன். நம்ம ஊர் டிங்கியையே பாருங்க.

3 முதல் 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் 'அப்பாடா' என்பார்கள். ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கலாம். நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதனால் இரத்தம் கெட்டியாகி ஹீமட்டோகிரிட் ஏறும். பிளேட்லெட் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருக்கும். கசிவு மிகுந்தால் கை கால் சில்லிட்டு, நாடி தளர்ந்து, அதிர்ச்சி நிலை வரும்.

கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு: இவை எச்சரிக்கை அறிகுறிகள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்கக் கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டும்.

இப்போ ஒரு கேள்வி. 5ஆம் நாள், காய்ச்சல் இல்லை, வயிறு வலிக்கிறது, ஹீமட்டோகிரிட் 40இலிருந்து 48. வீட்டுக்கு அனுப்பலாமா? கூடாது. 20 விழுக்காடு ஏற்றம், பிளாஸ்மா கசிகிறது என்பதற்கு அடையாளம். காரணம் புரிஞ்சா, தேர்வில் மதிப்பெண். வார்டில் ஓர் உயிர்.