“மூணு கோடி ஆகும் தம்பி”: வெளிநாட்டில் இளநிலைப் படிப்பும் உதவித்தொகைக் கணக்கும்

நான் செய்த ஒரு தப்பிலிருந்து இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன்.

போன செப்டம்பரில் நம்ம வானியல் மன்றத்தோடு காவலூர் போயிருந்தோம். வாணியம்பாடி, ஆலங்காயம், அப்புறம் ஜவ்வாது மலை ஏற்றம். சனிக்கிழமை மாலை பொதுமக்களை உள்ளே விடுவார்கள் என்று கணக்குப் போட்டுப் போனோம். ஆனா அன்னிக்கு மேகம். வானம் திறக்கட்டும்னு ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்கார அம்மாவோட பையன் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறவன். டீ கொண்டு வந்து வைத்தவன் கேட்டான்:

“அண்ணா, இந்த டெலஸ்கோப்புக்கு ஒருத்தர் பேர் வச்சிருக்காங்களே, அவரு அமெரிக்காவுல படிச்சவராமே. அங்க காலேஜ் படிக்க எவ்ளோ ஆகும்?”

நான் யோசிக்கவே இல்லை. “மூணு கோடி ஆகும் தம்பி.”

“அப்ப சரிண்ணா” என்று சிரித்துவிட்டு கிளாஸ் கழுவப் போயிட்டான்.

நான் சொன்ன தொகை பொய் இல்லை. அமெரிக்காவின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 85,000 டாலரைத் தாண்டும். நாலு வருஷத்துக்குக் கூட்டினால் மூன்று கோடி ரூபாய் அளவில் வரும். தொகை சரி, பதில் தப்பு. ஏன் தப்பு என்று திரும்பி வந்து தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. அதைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு உதவித்தொகை

முதலில் பையன் கேட்ட மனிதரைப் பார்ப்போம். வைனு பாப்பு 1927-ல் சென்னையில் பிறந்தவர், ஹைதராபாத்தில் வளர்ந்தவர். அப்பா அங்கே நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். 1949-ல் பாப்பு ஹார்வர்டு போனது ஹைதராபாத் அரசு கொடுத்த உதவித்தொகையில். போன வருஷமே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அதற்கு பாப்பு–போக்–நியூகர்க் என்று பெயர். 1952-ல் முனைவர் பட்டம். நாடு திரும்பி நைனிடால், கொடைக்கானல் என்று வேலை செய்தவர், நல்ல இருட்டான வானம் தேடி இந்த மலைக்கு வந்தார். 1968-ல் காவலூரில் 38 செ.மீ. தொலைநோக்கி வேலையை ஆரம்பித்தது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பது 1977-ல் தெரிந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அவர் கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982-லேயே போய்விட்டார்.

இதில் நம்ம பாடத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. பாப்பு இங்கே பட்டப்படிப்பை முடித்துவிட்டு, ஆராய்ச்சிப் படிப்புக்குத்தான் போனார். அரசு உதவித்தொகை இன்றைக்கும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கானவை. பிளஸ் டூ முடித்தவர் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு “ஒண்ணும் இல்லை” என்று திரும்பிவிடுகிறார். இளநிலைக்கான பணம் வேறு இடத்தில் இருக்கு. அதில் பெரும்பகுதி பல்கலைக்கழகத்தின் கையிலேயே இருக்கு.

பாடம் 1: விலைச்சீட்டு வேறு, நீங்க கட்டுவது வேறு

உங்க வகுப்பையே பாருங்க. ஒரே பெஞ்சில் நாலு பேர். ஒருவர் மேனேஜ்மென்ட் கோட்டா, ஒருவர் கவுன்சிலிங், ஒருவருக்கு முதல் பட்டதாரி சலுகை, இன்னொருவர் அரசுப் பள்ளி 7.5% ஒதுக்கீட்டில் வந்து கட்டணமே கட்டாதவர். பாடம் ஒன்றுதான், கட்டும் தொகை நாலு விதம். வெளிநாட்டிலும் இதே கதைதான்.

தேவை அடிப்படையிலான உதவியின் சூத்திரம் ரொம்ப எளிது:

மொத்தச் செலவு − குடும்பத்தால் கட்ட முடிந்தது = உதவித்தொகை

ஒரு கற்பனைக் கணக்கு. ஆண்டுச் செலவு 85,000 டாலர். உங்க குடும்பத்தின் காகிதங்களைப் பார்த்துவிட்டு 1,000 டாலர்தான் முடியும் என்று பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது. மீதி 84,000 டாலரை அவர்களே ஏற்கிறார்கள். ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலர் வரை உள்ள, வழக்கமான அளவு சொத்து வைத்திருக்கும் குடும்பங்களிடம் 2025-26 முதல் எதுவும் கேட்கப்போவதில்லை என்று ஹார்வர்டு அறிவித்தது. நம்ம ஊர்க் கணக்கில் அது 80 லட்சம் ரூபாய்க்கு மேல்! டீக்கடை நடத்தும் குடும்பம் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

நாம கூச்சப்பட்டு மறைக்கிற வருமானச் சான்றிதழ்தான் இங்கே முக்கியமான காகிதம். இதை மனசில் வைச்சுக்கங்க.

பாடம் 2: மூன்று சொற்கள்

விண்ணப்பிக்கும் முன் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேளுங்க.

ஒன்று, “நீட்-பிளைண்ட்” முறையா? அதாவது, பணம் கேட்கிறீர்களா இல்லையா என்று பார்க்காமலேயே சேர்க்கையை முடிவு செய்வது. வெளிநாட்டு மாணவருக்கும் இப்படிச் செய்யும் இடங்கள் மிகக் குறைவு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை அவற்றில் சில.

இரண்டு, “நீட்-அவேர்” முறையா? மற்ற பெரும்பாலான இடங்கள் இப்படித்தான். நீங்க கேட்கும் உதவியின் அளவு சேர்க்கை முடிவைப் பாதிக்கலாம். அதுக்காகப் பணம் வேண்டாம்னு பொய் சொல்லக்கூடாது. சேர்ந்த பிறகு கேட்டால் பல இடங்களில் தரமாட்டார்கள்.

மூன்று, “முழுத் தேவையையும்” தருகிறார்களா? சேர்த்துக்கொண்டால் பற்றாக்குறை முழுவதையும் நிரப்புகிறார்களா, பாதியில் விடுகிறார்களா என்பதுதான் இதன் பொருள்.

மூன்றாவது கேள்வியில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். “50% ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு” என்று ஏஜென்ட் போன் பண்ணுவார். வீட்டில் ஸ்வீட் வாங்குவாங்க. 60,000 டாலரில் பாதி போனாலும் ஆண்டுக்கு 30,000 டாலர் பாக்கி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்தப் பாக்கிக்காக நிலத்தை அடமானம் வைத்தது. கடிதத்தில் எத்தனை சதவீதம் தருகிறார்கள் என்பதைப் பார்த்து மயங்காதீங்க. நீங்க கட்ட வேண்டிய மீதியைப் பாருங்க. அதில் எவ்வளவு இலவசம், எவ்வளவு கடன், எவ்வளவு வேலை செய்து சம்பாதிக்க வேண்டியது என்று பிரித்து எழுதுங்க. உதவித்தொகை “வாங்கித் தர” முன்பணம் கேட்பவரை அங்கேயே நிறுத்திடுங்க.

இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது. மேலே சொன்ன ஐந்து இடங்களிலும் நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கும். அதனால் இதை மட்டும் நம்பி உட்காராதீங்க. இங்கே கவுன்சிலிங்கும் கூடவே நடக்கட்டும்.

பாடம் 3: அமெரிக்கா மட்டும்தானா?

இல்லை. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் இளநிலைப் பிரிவு இருக்கு. கல்விக் கட்டணம் இல்லை, போக வர விமானச் செலவு, மாதம் 1,17,000 யென். பெரும்பாலான படிப்புகளுக்கு ஐந்து ஆண்டு, அதில் முதல் ஆண்டு ஜப்பானிய மொழி. தூதரகம் வழியாக விண்ணப்பித்துத் தேர்வு எழுத வேண்டும். கொரியா, துருக்கி அரசுகளும் மொழி ஆண்டோடு சேர்த்து இளநிலைக்குத் தருகின்றன. ஹங்கேரியிலும் ஒரு அரசுத் திட்டம் உண்டு.

ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கேட்கிறது. இதிலும் ஒரு சிக்கல் இருக்கு. விசாவுக்காக ஒரு வருஷ வாழ்க்கைச் செலவாகச் சுமார் 12,000 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். பிளஸ் டூவை மட்டும் வைத்து நேரடியாகச் சேர்வதும் கஷ்டம். பொதுவாக ஆயத்தப் படிப்போ, இங்கே கல்லூரியில் ஒரு வருஷமோ, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சியோ கேட்பார்கள். இத்தாலியில் மாநில அரசுகளின் உதவித்தொகை குடும்ப வருமானத்தைப் பார்த்து வெளிநாட்டு மாணவருக்கும் கிடைக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்கள் சிலர் தைவான் பல்கலைக்கழகங்களில் முழு உதவித்தொகையோடு சேர்ந்திருக்கிறார்கள். இப்படி வெளிநாட்டில் இடம் கிடைத்தால் முதல் பயணச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கு.

பாடம் 4: காலண்டரும் காகிதமும்

பணத்தைவிட அதிகம் பேரைத் தோற்கடிப்பது தேதிதான். நமக்கு பிளஸ் டூ மார்க் மே மாதம் வரும். அமெரிக்க விண்ணப்பங்களோ அதற்கு முந்தைய நவம்பர் 1, ஜனவரி 1 வாக்கில் மூடிவிடும். மார்ச் கடைசிக்குள் முடிவு வந்துவிடும். அதனால் பதினொன்றாம் வகுப்பிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்?

1. பாஸ்போர்ட். பெயரும் பிறந்த தேதியும் மார்க் ஷீட், ஆதார் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கணும். இனிஷியலை எப்படி விரிப்பது என்பதையும் அப்பவே முடிவு செய்யுங்க.

2. ஒன்பதாவது முதலான மதிப்பெண்கள், தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு.

3. இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம். “நல்ல மாணவன், ஒழுக்கமானவன்” என்று இரண்டு வரி போதாது. அவன் என்ன கேள்வி கேட்டான், எதைச் செய்து காட்டினான் என்று எழுதச் சொல்லுங்க.

4. ஆங்கிலத் தேர்வு, சில இடங்களில் எஸ்ஏடி. டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வு மற்றவற்றைவிட மலிவு, நிறைய இடங்களில் ஏற்கிறார்கள்.

5. வருமானக் காகிதங்கள். அப்பா, அம்மா வருமான வரி கட்டுபவர் இல்லையென்றால் வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றிதழும், ஆங்கில மொழிபெயர்ப்பும், வருமானம் எப்படி வருகிறது என்று பெற்றோர் எழுதிய விளக்கமும்.

6. கட்டண விலக்குக் கோரிக்கை. விண்ணப்பக் கட்டணத்தையும், உதவிப் படிவமான சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் கட்டணத்தையும் கட்ட முடியவில்லை என்றால் பல்கலைக்கழகத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்க. கேட்பதில் தப்பே இல்லை.

எல்லாம் கிடைத்தாலும் விசா கட்டணம், விமான டிக்கெட், குளிர் கோட்டு என்று கொஞ்சம் செலவு கையிலிருந்து வரும். இவற்றில் எது எது உதவியில் அடங்கும் என்று கடிதம் வந்ததும் கேளுங்க.

நமக்கு என்ன?

“நாங்கதான் ஏற்கெனவே இன்ஜினியரிங் சேர்ந்துட்டோமே” என்கிறீர்களா? இளநிலை படிக்கும்போதே போய் வரும் வழி இருக்கு. ஜெர்மனியின் டாட் அமைப்பு நடத்தும் வைஸ், கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் இரண்டும் நம்மைப் போன்ற மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஆய்வகப் பயிற்சிக்கு உதவித்தொகையோடு அழைக்கின்றன. அதற்குப் பிறகு முதுநிலை. அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை உண்டு. மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை நாடு முழுவதுக்கும் ஆண்டுக்கு 20 பேருக்குத்தான். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். ஆனா கோட்டாட்சியர் தரும் சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும். அதை வாங்க நாளாகும். விண்ணப்பம் வரும் வரை காத்திருக்காம இப்பவே கேளுங்க.

மறுபடியும் காவலூர்

ஜனவரியில் மறுபடி போனோம். வானம் சுத்தமா இருந்தது. வியாழனையும் அதன் நிலாக்களையும் பார்த்தோம். பார்க்கும் முன் டீக்கடைக்குப் போனேன், கையில் இதே குறிப்புகளின் பிரின்ட் அவுட்டோடு. பையன் பொறுமையாகப் படித்தான். ‘ஜனவரி 1’ என்ற வரியில் விரல் நின்றது.

“இது போயிடுச்சுல்லண்ணா?”

“போயிடுச்சு தம்பி.”

செப்டம்பரில் நான் சரியாகப் பதில் சொல்லியிருந்தால் அவன் கையில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்திருக்கும். கிடைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனா விண்ணப்பிக்கும் முன்பே அவனை நிராகரித்தது ஹார்வர்டு இல்லை, நான். அவன் கோபப்படவில்லை. 7.5%-ல் இன்ஜினியரிங் கவுன்சிலிங் எழுதப் போவதாகச் சொன்னான். வைஸ், மைடாக்ஸ் வரிகளுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டான். அப்புறம் கேட்டான்:

“தங்கச்சி ஒன்பதாவது படிக்கிறா. அவளுக்கு டைம் இருக்குல்ல?”

இருக்கு. நல்லாவே இருக்கு.

நண்பர்களே, உங்க தெருவிலும் ஒரு ஒன்பதாவது, பதினொன்றாவது இருக்கும். “எவ்ளோ ஆகும்?” என்று அவர்கள் கேட்டால் தொகையை மட்டும் சொல்லிவிட்டு வந்துடாதீங்க. “உங்க வீட்டு வருமானம் எவ்ளோ? இப்ப எந்த வகுப்பு?” என்று திருப்பிக் கேளுங்க. இந்தக் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.