கேலி அன்று, துன்புறுத்தல்

நுழையும்முன்

ஒரு செயலுக்கு இடும் பெயரே, மக்கள் அதனை எவ்வாறு எடைபோடுகின்றனர் என்பதைக் காட்டிவிடும். பொது இடங்களில் பெண்களுக்கு இழைக்கப்படும் தொல்லையை நெடுங்காலம் பலரும் 'கேலி' என்றே அழைத்தனர். அச்சொல் எதனை மறைத்தது என்பதையும், தொல்லையைக் காண்பவர் பாதுகாப்பாகச் செய்யத்தக்கது யாது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

பேருந்து நிறுத்தத்தில்

கச்சிபௌலியில் மாலை நேரப் பேருந்து நிறுத்தம் ஒன்றை மனத்தில் காண்க. தனிப்பயிற்சி முடிந்து வீடு திரும்பும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அங்கே நிற்கிறாள். இளைஞர் இருவர் நாள்தோறும் அவளது உடையைப் பற்றிப் பேசிச் சிரிக்கின்றனர். அவள் காதில் விழுமாறு திரைப்படப் பாடலைப் பாடுகின்றனர். அவள் தெலுங்கில் "வத்து" என்கிறாள். அவர்கள் நிறுத்தவில்லை. அருகில் நிற்கும் அவள் வகுப்பு மாணவர் சிலரும் சேர்ந்து சிரிக்கின்றனர். அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தனிப்பயிற்சியே நின்றுவிடுமோ என அஞ்சுகிறாள்.

நண்பர்கள் கேலி செய்துகொள்ளும்போது இருவரும் சிரிப்பர். ஒருவர் "போதும்" என்றால் மற்றவர் நிறுத்திவிடுவார். துன்புறுத்தலில் ஒருவர் சிரிக்க, மற்றவர் குறுகி நிற்பார். "பெண்பிள்ளைக்கு இந்த விளையாட்டு எதற்கு?" என இழித்துரைத்தல், பின்தொடர்தல், வழிமறித்தல், ஒப்புதலின்றிப் படம் எடுத்தல், விருப்பமில்லை என்று அறிந்தும் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொண்டே இருத்தல் ஆகியன துன்புறுத்தலே. அச்சத்தால் "வேண்டாம்" என்று சொல்ல இயலாமற் போனாலும் அது துன்புறுத்தலே.

பெயர் மாறிய வரலாறு

1998 ஜூலையில், சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர் சிலர் கல்லூரி மாணவி ஒருவருக்குத் தொல்லை கொடுத்தனர். கீழே விழுந்து தலையில் காயமுற்ற அவர் பின்னர் உயிரிழந்தார். 'விளையாட்டு' ஓர் உயிரைப் பறித்ததைக் கண்டு தமிழகம் அதிர்ந்தது. அவ்வாண்டே மாநில அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆயினும் அதன் பெயரில் 'ஈவ் டீசிங்' என்ற சொல்லே இருந்தது. 'டீசிங்' என்றால் சீண்டல். குற்றத்தை விளையாட்டாகக் காட்டிய அச்சொல் பின்னர் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 'பெண்கள் துன்புறுத்தல்' என்பது இடம்பெற்றது.

தென்காசிப் பேருந்து நிலையத்தில் 1999இல் நிகழ்ந்த ஒரு தொல்லை பற்றிய வழக்கில், 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேருந்து நிலையங்கள் முதலிய இடங்களில் பெண் காவலர்களைச் சாதாரண உடையில் நிறுத்துமாறு மாநிலங்களுக்கு அது ஆணையிட்டது. தொல்லையைக் காணும் வழிப்போக்கரும் காவல் நிலையத்திற்கோ உதவி எண்ணிற்கோ தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியது.

ஐதராபாத்தில் 2014 அக்டோபர் 24 அன்று 'ஷீ டீம்ஸ்' என்னும் காவல் குழுக்கள் தொடங்கப்பட்டன. இக்குழுவினர் சாதாரண உடையில் பொது இடங்களைக் கண்காணிக்கின்றனர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண் விருப்பமின்மையைத் தெளிவாகத் தெரிவித்த பின்னும் ஓர் ஆண் அவளை மீண்டும் மீண்டும் பின்தொடர்வதைக் குற்றமென்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட சிறுமியர், சிறுவர் இருபாலாரையும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிறது.

காண்பவர் கடமை

அந்தப் பேருந்து நிறுத்தத்திற்கு மீண்டும் செல்க. சிரிக்காத மாணவன் ஒருவன் அங்கிருக்கிறான். அவன் இளைஞரோடு சண்டையிடவில்லை. சண்டை மூண்டால் இருவருக்குமே ஆபத்து. அவளருகே சென்று, "நாளைக்குக் கணக்குத் தேர்வு எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறான். அவள் தனியாக இல்லை என்பது இளைஞருக்குப் புரிகிறது. பேருந்தில் ஏறியபின், "வகுப்பாசிரியரிடம் சொல்லலாமா? நானும் உடன் வருகிறேன்" என்கிறான். முடிவை அவளிடமே விடுகிறான். மறுநாள் இருவரும் ஆசிரியரைக் காண்கின்றனர்.

பாதுகாப்பான எதிர்ப்பு என்பது இதுவே. சிரிப்பில் சேராதிருத்தல், துணையாக நிற்றல், ஓட்டுநர், நடத்துநர், கடைக்காரர் போன்ற பெரியவரை அழைத்தல், இடம், நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் என அதற்குப் பல வழிகள் உண்டு. பாதிக்கப்பட்டவரைப் படமெடுத்துப் பரப்புதல் மற்றொரு துன்புறுத்தலாகும். உடனடி ஆபத்தெனில் 112. சிறாருக்கான உதவிக்கு 1098. பெண்களுக்கான உதவிக்கு 181.

பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. தவறு செய்தவன் தெருவில் உலவ, தொல்லைக்கு உள்ளானவளை வீட்டில் அடைத்தல் நீதியன்று. சொன்னால் படிப்பு நிற்காது என்ற உறுதியே பிள்ளையின் வாயைத் திறக்கும்.

சொற்பொருள்
இழித்துரைத்தல் – தாழ்த்திப் பேசுதல்
வழிப்போக்கர் – வழியில் செல்பவர்
ஒப்புதல் – இசைவு

மதிப்பீடு
1. கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
2. சட்டத்தின் பெயரில் 'டீசிங்' என்னும் சொல் ஏன் பொருந்தாது?
3. அம்மாணவன் செய்தவற்றுள் மிகச் சிறந்தது எது? காரணம் கூறுக.
4. "வேண்டாம்", "நிறுத்துங்கள்" என்பவற்றைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளில் உரத்துக் கூறிப் பழகுக.
5. தயங்காமல் உதவி கேட்கத்தக்க பெரியவர் மூவரின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்க. (வகுப்பில் படித்துக் காட்ட வேண்டியதில்லை.)