நாக்கு மீன்

வித்துரா ஒரு மலையடிவார ஊர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. நகரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் வித்துராவைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்றிலும் ரப்பர் மரங்கள். மேலே போனால் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்து லயங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன.

இங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் கடல் மீன் இல்லாமல் இங்கே பலருக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் காலை பத்து மணி. சந்தையில் ஒரு மீன்காரப் பெண் கூடையை இறக்கி வைத்தார். தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். கூடை நிறையத் தட்டையான மீன்கள்.

"ஏம்மா, இது என்ன மீனு? யாரோ மிதிச்சு நசுக்குன மாதிரி இருக்கே!"

மீன்காரப் பெண் சிரித்தார்.

"நசுங்கல அக்கா. பிறவியே அப்படித்தான். இங்கே மாந்தள்னு சொல்வாங்க. நம்ம தமிழ்ல நாக்கு மீன். விடியுமுன்னே எங்க வீட்டுக்காரர் மரத்துல போய்ப் பிடிச்சது."

"மரத்துலயா? மீன் மரத்துலயா காய்க்குது?"

"கட்டுமரம் அக்கா, கட்டுமரம்!"

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஒரே பக்கத்தில் இரண்டு கண்

நாக்கு மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள். வடிவம் நாக்கைப் போலவே இருக்கும். மேல் பக்கம் பழுப்பு நிறம். கீழ்ப் பக்கம் வெள்ளை. இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில், இடப் பக்கத்தில், இருக்கும்.

குஞ்சாக இருக்கும்போது இது மற்ற மீன்களைப் போலத்தான் நீந்தும். பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து மறு பக்கம் போய்விடும். பிறகு மீன் கடலடிச் சேற்றில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். கண் இல்லாத பக்கம் கீழே இருக்கும். கண் உள்ள பக்கம் மேலே இருக்கும். சேற்றின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாக இருப்பதால் பெரிய மீன்களுக்கு அது எளிதில் தெரியாது. சேற்றில் உள்ள சிறு புழு பூச்சிகள்தான் அதன் இரை.

நாக்கு மீனில் பல வகை உண்டு. கேரளக் கடலில் அதிகம் கிடைக்கும் வகை சிறியது. நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. மழைக்காலம் முடிந்ததும் அது கூட்டமாகக் கரையோரம் வரும். கோழிக்கோடு பக்கத்துக் கடலில் அப்போது மிகுதியாகக் கிடைக்கும்.

மலை மரம் கடலில் மிதக்கிறது

திருவனந்தபுரம் கடற்கரையில் அலை வேகமாக அடிக்கும். சாதாரணத் தோணியை அலைக்குள் தள்ளினால் தண்ணீர் நிறைந்து கவிழ்ந்துவிடும். அதனால் இந்தக் கரையின் மீனவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டுமரத்தையே நம்பினார்கள்.

கட்டுமரம் என்றால் கட்டப்பட்ட மரம். கனமில்லாத மரத் துண்டுகளைச் செதுக்கி, அருகருகே வைத்து, கயிற்றால் கட்டுவார்கள். அதில் அடிப்பலகையும் இல்லை, சுவரும் இல்லை. அலைத் தண்ணீர் மேலே ஏறினால் மர இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. மீனவர் அதை நிமிர்த்தி மறுபடி ஏறிக்கொள்வார். பிளந்த மூங்கிலே துடுப்பு. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பார்கள். காயாவிட்டால் மரம் நீரில் ஊறிக் கனத்துவிடும்.

இந்த மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலிருந்து வந்தவை. மலை மரம் கடலுக்குப் போனது. கடல் மீன் மலைக்கு வந்தது. நல்ல மரம் கிடைப்பது குறைந்த பிறகு ஒட்டுப்பலகைப் படகும் ஃபைபர் படகும் பெருகின.

ஒரு சேதி. ஆங்கிலத்தில் இரட்டைப் படகைக் 'கட்டமரான்' என்கிறார்கள். அந்தச் சொல் நம் 'கட்டுமரம்' என்ற சொல்லிலிருந்து போனது. பனி சூழ்ந்த வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களுக்கும் இப்படி ஒரு சிறு படகு உண்டு. அதன் பெயர் கயாக். சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி அதைச் செய்தார்கள். இன்று பிளாஸ்டிக் கயாக்கில் போய்த் தட்டை மீன் பிடிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஓர் ஆள், ஒரு துடுப்பு, கரையோரக் கடல். எங்கும் தொழில் ஒன்றுதான்.

வலையின் கண்

நாக்கு மீன் மேலே வராது. வலைதான் அதைத் தேடி அடிக்குப் போக வேண்டும். வலையின் கீழ் விளிம்பில் ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். மேல் விளிம்பில் மிதவைகள் இருக்கும். வலை கடலடியில் சுவர் போல நிற்கும். இரை தேடி நகரும் மீன் அதில் சிக்கும்.

எந்த மீன் சிக்கும், எந்த மீன் தப்பும்? அதை முடிவு செய்வது வலையின் கண். கண் பெரிதாக இருந்தால் குஞ்சு தப்பிவிடும். கண் சிறிதாக இருந்தால் குஞ்சும் வந்துவிடும்.

சந்தையில் அந்த அம்மா கேட்டார்:

"இதைவிடப் பொடி மீன் இல்லையா? விலை கம்மியா இருக்குமே. இந்த வாரம் தோட்டத்துல வேலை குறைவு."

மீன்காரப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"போன வருசம் ஒரு நாள் எங்க வீட்டுல உலை வைக்க அரிசி இல்ல. அவரு கடன் வாங்கின வலையோட போனாரு. கண் சின்ன வலை. வலை நிறையப் பொடி மாந்தள். உசிரோட துள்ளிச்சாம். அவ்வளவையும் கடல்லயே உதறி விட்டுட்டு, ஒரு கை மீனோட வந்தாரு. நான் சண்டை போட்டேன் அக்கா. 'பிள்ளைங்க பட்டினி கிடக்குது, உங்களுக்கு மீன் மேல இரக்கமா'ன்னு கேட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'இரக்கம் இல்ல, கணக்கு. இதை இன்னைக்கு வித்தா கால் வயிறு. வளர விட்டா அடுத்த மழைக்குப் பிறகும் நமக்குத் தொழில் இருக்கும்'னு சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி பக்கத்து வீட்டுலதான் அரிசி வாங்கினேன். இந்தக் கூடையில இருக்கிறது அவரு விட்ட மீன்தானா, யாரு கண்டா?"

அந்த அம்மா பேசாமல் கூடையைப் பார்த்தார். பிறகு, "அரைக் கிலோ போடு. வளர்ந்ததாவே போடு" என்றார்.

சட்டம் சொல்வது

ஒரு மீனவர் மட்டும் குஞ்சை விட்டால் போதாது. விசைப்படகுகளின் இழுவலை கடலடியை அரித்துக்கொண்டு போகும். சேற்றில் படுத்திருக்கும் நாக்கு மீனும் குஞ்சுகளும் அதில் அகப்படும். அந்தக் குஞ்சுகளில் பெரும்பகுதி சந்தைக்கே வருவதில்லை. மீன் தூள் ஆலைக்கும் உரத்துக்கும் போகிறது.

ஆகவே சட்டம் வந்தது. கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1980-இல் இயற்றப்பட்டது. இழுவலையின் பைப்பகுதியில் கண் குறிப்பிட்ட அளவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. 1988 முதல் மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை உண்டு. இப்போது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை தடை. பாரம்பரியப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. 2015-இல் சில மீன்களுக்குக் குறைந்த அளவும் வகுக்கப்பட்டது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்பது ஓர் எடுத்துக்காட்டு.

சட்டத்தோடு வாங்குபவரின் கையும் சேர வேண்டும். குஞ்சை யாரும் வாங்காவிட்டால் யாரும் கொண்டு வரமாட்டார்கள்.

சமைக்கும் முறை

முதலில் தோலை உரிக்க வேண்டும். தலைப் பக்கம் சிறிது வெட்டி, தோலின் நுனியைப் பிடித்து வால் வரை இழுத்தால் சட்டைபோலக் கழன்று வரும். வழுக்கினால் விரலில் கல்லுப்பைத் தொட்டுக்கொள்ளலாம். மறு பக்கமும் அப்படியே உரிக்கலாம். குடலை நீக்கி, மணல் போக நன்றாகக் கழுவ வேண்டும்.

*வறுவல்:* மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு, இடித்த பூண்டு ஆகியவற்றைச் சிறிது நீரில் குழைத்து மீனில் பூசுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். தோசைக்கல்லில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் இரு பக்கமும் வேக விடுங்கள். மெல்லிய மீன் ஆதலால் விரைவில் வெந்துவிடும்.

*குழம்பு:* தேங்காய், மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றை அரைத்துப் புளி கரைத்து மண்சட்டியில் கொதிக்க விடுங்கள். மீனைக் கடைசியில் போடுங்கள். சதை மென்மையானது. கரண்டியால் கிளறினால் உடைந்துவிடும். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

உண்ணும்போது நடுமுள்ளைத் தூக்கினால் சதை தனியே வரும். குழந்தைகளுக்கு ஓர முள்ளையும் நீக்கிக் கொடுங்கள். உடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் இந்த மீனில் உண்டு.

அன்று மாலை லயத்தில் மீன் வறுக்கும் மணம் எழுந்தது. அந்த அம்மாவின் பேரன் தட்டைப் பார்த்துக் கேட்டான்:

"பாட்டி, இதுக்கு ரெண்டு கண்ணும் ஏன் ஒரே பக்கம்?"

"முதல்ல சாப்பிடு. அது பெரிய கதை" என்றார் அவர்.

பதில் சொல்லுங்கள்

1. நாக்கு மீன் சேற்றில் எப்படிப் படுத்திருக்கும்?
2. கட்டுமரம் ஏன் மூழ்குவதில்லை?
3. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை எத்தனை நாள்? எண்ணி எழுதுங்கள்.
4. "இரக்கம் இல்ல, கணக்கு" என்று மீனவர் சொன்னார். அது என்ன கணக்கு? உங்கள் குழுவில் பேசுங்கள்.